பில் கலெக்டர் ஏறாத மேடு: மலை ஊர்களின் வீட்டு வரிக் கேள்விகள்

உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் வரி பற்றிய சந்தேகங்கள் எனக்கு நிறைய வரும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை மலையிலிருந்து வந்தவை. சின்ன ஊரில் பெயர் தெரிந்தால் சங்கடம் என்பதால் வட்டத்தின் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஐயா, எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) வருஷம் தவறாமல் வீட்டு வரி கட்டுவது நாலைந்து குடும்பம்தான். கட்டாதவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பேசாமல் நானும் நிறுத்திவிட்டால் என்ன? (கோத்தகிரி வட்டம்)

நிறுத்தாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அதைக் காட்ட வேண்டிய இடம் கிராம சபை.

ஊராட்சிக்கு மேலிருந்து வரும் பணத்தில் பெரும்பகுதி இன்ன வேலைக்குத்தான் என்று கட்டிப்போட்டு வருவது. 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும். மீதி 40 சதவீதத்தையும் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ தொடக் கூடாது என்பது விதி. ஜனவரி உறைபனியில் விடியுமுன் டார்ச் அடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வால்வைத் திறந்துவிடும் தொட்டி ஆபரேட்டரின் சம்பளத்தை இதிலிருந்து கொடுக்க முடியாது. அதற்கு ஊராட்சியின் பொது நிதி வேண்டும். அந்த நிதியில் ஊரே தன் கையால் போடும் பணம் என்றால் முதலில் வீட்டு வரிதான். அது வராத ஊரில் மோட்டார் கெட்டால் கிளார்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

ஏன் கேட்பதில்லை? ஹட்டியில் எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். தலைவருக்கு அடுத்த தேர்தல் கண்ணில் நிற்கும். நீலகிரி, திண்டுக்கல் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஓட்டுக் கவலை இல்லை, சரி. ஆனால் ஒன்றியம் முழுவதையும் பார்ப்பவர் உங்கள் மேட்டுக்கு எத்தனை தடவை ஏறுவார்?

தணிக்கையில், எந்த வீடு எவ்வளவு வரி கட்ட வேண்டும் (அதுதான் கேட்பு) என்று எழுதிய கேட்புப் பதிவேட்டைப் புரட்டும்போது குறிப்புக் கட்டத்தில் பென்சிலால் ‘கதவு பூட்டு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருஷமும் அதே வீடு, அதே ‘கதவு பூட்டு’. விசாரித்தால், வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாசலில் கார் நிற்கும் என்பார்கள். இப்போது ஊராட்சி வரியை இணையத்திலேயே கட்டலாம். பூட்டிய கதவு இனி ஒரு காரணமே இல்லை. நான் பார்த்த வரையில், பெரிய பாக்கி தேயிலை பறிக்கப் போகிறவர்களுடையது அல்ல. வசதியிருந்தும் யாரும் கேட்காததால் கட்டாமல் விட்டவர்களுடையதுதான்.

கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே எழுந்து மூன்று எண்களை மட்டும் கேளுங்கள்: கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு? யார் பெயரையும் இழுக்க வேண்டாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மழுப்பினால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அடுத்த கூட்டத்தில், பெரிய நிலுவைகளுக்கு முதலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

பக்கத்து வீட்டைக் காட்டேஜாக நடத்துகிறார்கள். சீசனில் ஒரு நாள் வாடகையே ஆயிரக்கணக்கில். வரி மட்டும் குடியிருப்புக்கு உள்ளதுதானாம். நான் சொன்னால் பொறாமை என்பார்களே? (கொடைக்கானல் வட்டம்)

சொல்லட்டும். கட்டடம் எதற்குப் பயன்படுகிறதோ அதை வைத்துத்தான் வரி. 2022-ல் நகராட்சி, பேரூராட்சிகளில் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம் கூடியது, வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம். சின்ன வீட்டுக்காரர் தன் உயர்வை முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிட்டார். காட்டேஜ்காரர் வீடு என்ற பெயரில் தப்பிக்கிறார் என்றால் அந்தச் சலுகைக்கு ஊர்தான் பணம் கட்டுகிறது. மலையில் தண்ணீரும் குப்பையும் பெரும்பாடு, இரண்டிலும் வாடகை அறைகளின் பங்கு பெரிது.

மறுஅளவீடு செய்யும்படி நகராட்சி ஆணையருக்கோ பேரூராட்சிச் செயல் அலுவலருக்கோ எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன புகாருக்குக் கோப்பு கிடையாது. இன்னொன்று, வணிக வரி கட்டிவிட்டதால் அனுமதியில்லாத கட்டடம் அனுமதி பெற்றதாகிவிடாது. கொடைக்கானலில் உயர் நீதிமன்ற உத்தரவால் சீல் விழுந்ததை ஊரே பார்த்தது.

எங்களுடையது செக்ஷன் 17 நிலம், பட்டா கிடையாது. விடாமல் வரி கட்டினால் நிலம் எங்களுக்கு வந்துவிடுமா? (கூடலூர் வட்டம்)

வராது. யாராவது அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். ஜென்மிகள் என்ற பெருநிலக்காரர்களின் உரிமையை நீக்கிய கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது. அதன் 17-ஆவது பிரிவில், உரிமை யாருக்கு என்று தீராமல் சிக்கிய நிலங்களின் கதையை உள்ளாட்சி ரசீது முடித்துவைக்காது. வரி ரசீது உரிமைப் பத்திரம் அல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் ஒரு ரசீதையும் தொலைக்காதீர்கள். இத்தனை காலம் அங்கே குடியிருக்கிறீர்கள் என்று காட்ட உதவும் காகிதம் அது. தெருவிளக்கையும் குழாயையும் நீங்களும்தானே பயன்படுத்துகிறீர்கள், அதற்காகவும் கட்டலாம்.

குன்னூரில் வீடு வாங்கினோம். முந்தைய ஓனர் பல வருஷ வரியைக் கட்டவில்லை என்று இப்போது தெரிகிறது. நாங்கள் ஏன் கட்ட வேண்டும்? (கோயம்புத்தூர்)

சொத்து வரி அந்தச் சொத்தின் மேலேயே ஏறி நிற்கும் கடன். கை மாறினாலும் அது கூடவே வரும். கட்டிவிட்டு, கிரயப் பத்திரத்தில் உள்ள உறுதிமொழியை வைத்து விற்றவரிடம் கேளுங்கள். பாக்கி தீராமல் பெயர் மாற்றமும் நடக்காது. நகராட்சியில் தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி ஓடுகிறது. இனிமேல் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டுங்கள், 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

கட்டாதவர்கள் வாசலில் குப்பைத் தொட்டியை வைத்தால் தானாகக் கட்டுவார்கள் என்கிறார் எங்கள் கவுன்சிலர். சரிதானா? (உதகை வட்டம்)

வேண்டவே வேண்டாம். கேட்பு நோட்டீஸ், கெடு, அப்புறம் ஜப்தி அல்லது வழக்கு என்று சட்டத்தில் வழி இருக்கிறது. அதில் ஒரு படியும் ஏறாமல் மானத்தை வாங்குவது, நோட்டீஸ் எழுதச் சோம்பல் பட்டவர் செய்யும் வேலை. அவமானப்படுவது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் வயதானவர்தான், சென்னையில் இருக்கும் பிள்ளை அல்ல.

நாங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) இருக்கிறோம். வரி பாக்கி என்று எங்களிடம் வந்து கேட்கிறார்கள். (பந்தலூர் வட்டம்)

கட்டடம் நிர்வாகத்துடையது, வரியும் நிர்வாகத்துடையது. தொழிலாளிக்கு வீடு தருவது நிர்வாகத்தின் கடமை; முன்பு 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னதை 2025 நவம்பர் முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்கிறது. நோட்டீஸ் கொடுத்தால் அதில் யார் பெயர் என்று பாருங்கள். உங்கள் பெயர் இருந்தால், கட்டடத்தின் உரிமையாளர் எஸ்டேட்தான் என்று ஒரு பக்கம் எழுதி, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.