நிருபரே கழகச் செயலாளர் என்றால்

ஹற்றன் நண்பருக்கு, உதைபந்தாட்டச் செய்தி எழுதும் பிரதேச நிருபரே போட்டிக் கழகமொன்றின் செயலாளர், உங்கள் அணி வென்றாலும் இரண்டு வரிதான் வருகிறது என்கிறீர்கள். பதவி வகிப்பது குற்றமில்லை. பிரதேச நிருபர்கள் பலருக்குச் செய்திக்கு இவ்வளவு என்றுதான் கொடுப்பனவு. வேறு பொறுப்புகளும் இருக்கத்தான் செய்யும். அதை வாசகரிடம் மறைப்பதுதான் பிழை.

முதலில் பதவியை ஆவணத்தால் நிறுவுங்கள். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கழகப் பதிவு பற்றி விசாரியுங்கள். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் காரணம் கூறத் தேவையில்லை. கழகத்துக்குப் பணமோ உபகரணமோ கொடுத்ததா என்று உங்கள் உள்ளூராட்சி சபையிடமும் தனியாகக் கேளுங்கள்.

அடுத்து, ஒரு பருவகாலச் செய்திகளை எடுத்து திகதி, முடிவு, வந்த வரிகள், படம் யாருடையது என்று அட்டவணையிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். வெறுமனே 'பக்கச்சார்பு' என்றால் ஆசிரியர் ஒதுக்கிவிடுவார்; அந்த நிருபருடைய கழகம் தோற்ற ஆட்டம் அச்சில் வரவே இல்லை என்று காட்டினால் ஒதுக்குவது கடினம்.

பிரதம ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். திருத்தமும், அக்கழகத்தின் ஆட்டங்களுக்கு வேறு நிருபரும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது.

தயவுசெய்து முகநூலில் 'காசு வாங்கினார்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிரூபிக்க முடியாவிட்டால் நட்டஈட்டு வழக்கு உங்கள் மேல்தான் வரும்.