வேட்பாளரின் கம்பெனித் தொடர்பை எங்கே பார்ப்பது?
உங்கள் தொகுதி வேட்பாளர் ஒரு கிரானைட் கம்பெனியில் பங்குதாரர் என்று ஊரில் பேச்சு, நம்பி ஓட்டுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, ஊர்ப்பேச்சை விடுங்கள். வேட்புமனுவோடு அவர் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தை, அதாவது படிவம் 26-ஐ எடுங்கள். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பங்குகள், கடன், வருமானம் வரும் வழி, அரசு ஒப்பந்தம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மனைவி பெயருக்கு நேரே உள்ள கட்டத்தையும் விடாமல் படியுங்கள்.

கட்சிக்குப் போன பணம் மட்டும் அதில் வராது. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகுதான், கோவை லாட்டரி அதிபர் மார்ட்டினின் நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியதே நமக்குத் தெரிந்தது. அத்தனை வருடம் மறைத்தார்களே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்புறம், அவர் உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது அந்த உறுதிமொழிப் பத்திரத்தின் நகலைக் காட்டி நேராகவே கேளுங்கள்.