கிட்டார் கேள்வி பதில்: எட்டு கார்டு தெரியும், பாட்டு வரவில்லை

கேள்வி: யூடியூப் பார்த்து எட்டு ஓப்பன் கார்டு (சில கம்பிகளை அழுத்தாமல் விட்டு, பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) மனப்பாடம் செய்துவிட்டேன். தனித்தனியாகப் பிடித்தால் நன்றாகக் கேட்கிறது. பாட்டோடு சேர்ந்து வாசித்தால் கார்டு மாற்றும் இடத்தில் எல்லாம் நின்று போகிறது. என்ன செய்ய?
- கல்லூரி மாணவர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: தம்பி, எட்டில் ஆறை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஏ மைனர், சி மேஜர், இந்த இரண்டு போதும். கார்டு பிடிப்பது ஒரு வேலை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது வேறு வேலை, நீங்கள் முதல் வேலையை மட்டும்தான் பழகியிருக்கிறீர்கள்.

மெல்லிய கம்பியை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ மைனருக்கு ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்), நடுவிரல் நான்காம் கம்பியில் இரண்டாவது ஃப்ரெட், மோதிர விரல் மூன்றாம் கம்பியில் அதே இரண்டாவது ஃப்ரெட். சரி, இப்போது சி வேண்டுமா? மோதிர விரலை மட்டும் எடுத்து ஐந்தாம் கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வையுங்கள். மற்ற இரண்டு விரலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். புதிதாகப் பழகுகிற எல்லோரும் மூன்று விரலையும் தூக்கிவிட்டு மறுபடி ஒவ்வொன்றாகத் தேடி வைப்பார்கள், நேரம் போவது அங்கேதான். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நான்கு எண்ணிக்கைக்கு ஒரு கார்டு என்று மாற்றி மாற்றிப் போங்கள். இடது கை வந்து சேராவிட்டாலும் வலது கையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், கம்பி 'கட கட' என்று கேட்டாலும் பரவாயில்லை, தாளம் விடக்கூடாது.

அது கைக்கு வந்ததும் ஏ மைனர் வடிவத்தை அப்படியே தடித்த கம்பிப் பக்கமாக ஒரு கம்பி தள்ளிப் பிடித்துப் பாருங்கள், அதுதான் ஈ மேஜர். அதில் ஆள்காட்டி விரலை எடுத்தால் ஈ மைனர். நான்கு கார்டு ஆயிற்று, புதிதாக மனப்பாடம் எதுவும் இல்லை. ஜி, டி எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் என் அக்கூஸ்டிக் கிட்டாரில் கம்பி மேலே ஏறிவிடுகிறது, அழுத்தவே முடியவில்லை, விரல் நுனி எரிகிறது. கிட்டாரில் கோளாறா, என் கையிலா?
- வாசகி, ஏற்காடு

பதில்: கையில் ஒன்றும் இல்லை அம்மா, ஈரம்தான் காரணம். மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும்போது கிட்டாரின் மேல்பலகை லேசாக உப்பும், கூடவே அதில் ஒட்டியிருக்கும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் உயரும், கம்பியும் ஃப்ரெட்டை விட்டு விலகிப்போகும். சுருதியும் ஏறும். சேலத்தில் ட்யூன் செய்து இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே கொண்டுவந்து வாசித்தால் சுருதி மாறியிருப்பதும் இதே மாதிரிதான், அங்கே சூடு, இங்கே குளிரும் ஈரமும். காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் கிட்டாருக்கு நல்லது. சுவரில் மாட்டி வைக்காதீர்கள், பெட்டியில் வைத்து மூடுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, அவை ஈரமானதும் மாற்றுங்கள். வெயில் காலத்தில் பொட்டலத்தை எடுத்துவிடுங்கள், மரம் அதிகமாகக் காய்ந்தால் வெடிக்கும். அப்படியும் கம்பி இறங்காவிட்டால் கடையில் கொடுத்து, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியான ஆக்‌ஷனைக் குறைக்கச் சொல்லுங்கள். எரிச்சலுக்கு, மெல்லிய கம்பி செட் மாட்டிக்கொண்டு ஃப்ரெட்டின் குறுக்குக் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் அழுத்துங்கள், பாதி பலம் போதும். விரல் நுனி தடிக்கச் சில வாரம் ஆகும், அதுவரை கொஞ்ச நேரமாகப் பிரித்துப் பழகுங்கள்.

கேள்வி: ஸ்டீல் கம்பி நன்றாகச் சத்தம் வருகிறது என்று பையன் தன் நைலான் கிட்டாரில் மாட்டக் கேட்கிறான். மாட்டலாமா?
- தந்தை, குகை, சேலம்

பதில்: வேண்டவே வேண்டாம். ஸ்டீலின் இழுவிசை நைலானைவிட அதிகம், நைலான் மாட்டும் கிளாசிக்கல் கிட்டார் அதற்குச் செய்யப்பட்டதல்ல, பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். நல்ல நைலான் செட் புதிதாக மாட்டிக் கொடுங்கள், பழைய கம்பி மந்தமாகிப் போனதால்கூட அப்படிக் கேட்கிறானோ என்னவோ.