கேம்பெயின் கருவியில் முதலில் எதைக் கட்டுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து இணையவழியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடி வருகிறோம். ஆட்டத்தை நடத்துபவரின் குறிப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடப்பதால், அவற்றை ஒழுங்குபடுத்த ஓர் இணையக் கருவியை நானே எழுதத் தொடங்கியுள்ளேன். வரைபடம், பகடை, கேரக்டர் ஷீட், நாட்காட்டி, அரட்டை, பின்னணி இசை என்று வசதிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதிலிருந்து தொடங்குவது?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக முதலில் சில சொற்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியான இந்த ஆட்டத்தில், டன்ஜன் மாஸ்டர் எனப்படும் ஒருவர் கற்பனை உலகத்தை விவரிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். ஐயத்திற்கிடமான செயல்களின் முடிவைப் பகடை சொல்லும். ஒரு நாள் ஆட்டம் செஷன். மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடரும் செஷன்களின் கோவை கேம்பெயின்.

உங்கள் பட்டியலில் பாதியைத் தயங்காமல் நீக்கிவிடலாம். வரைபடத்தின் மேல் பாத்திரங்களைக் குறிக்கும் வில்லைகளை நகர்த்துவதற்கு 2012 முதல் ரோல்20 என்ற இணையதளம் இருக்கிறது. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் ஃபவுண்ட்ரி 2020இல் வந்துவிட்டது. பாத்திரத்தின் திறன்களையும் உடைமைகளையும் குறித்துவைக்கும் கேரக்டர் ஷீட்டுக்கு 2017 முதல் டி அண்ட் டி பியாண்ட் இருக்கிறது. தனியொருவர் இவற்றோடு போட்டியிட்டுச் செலவழிக்கும் உழைப்பு உங்கள் டன்ஜன் மாஸ்டருக்கு எந்த வகையிலும் உதவாது. அவரை உண்மையில் வாட்டும் கேள்விகள் வேறு: “மூன்று வாரத்திற்கு முன் வாயிற்காவலனுக்கு என்ன பெயர் வைத்தோம்? அந்த மோதிரம் இப்போது யாரிடம் இருக்கிறது? இளவரசி உயிரோடு இருப்பது யார் யாருக்குத் தெரியும்?”

ஆகவே, யாருக்கு எது, எப்போது தெரிந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் கருவியாக அதைத் திட்டமிடுங்கள் என்பதே என் ஆலோசனை. முதல் பதிப்புக்கு ஒரே ஒரு செஷன் பக்கம் போதும். டன்ஜன் மாஸ்டர் அதில் தட்டச்சு செய்துகொண்டே போகும்போது ‘@’ குறியோடு ஒரு பெயரை எழுதினால், அந்தப் பெயருக்கு ஏற்கெனவே பக்கம் இருந்தால் இணைப்பு விழ வேண்டும். இல்லையென்றால் வெற்றுப் பக்கம் ஒன்று தானாகவே உருவாக வேண்டும். வயது, இனம், தொழில் என்று கட்டங்களை நிரப்பச் சொல்லும் படிவத்தை அந்த நேரத்தில் அவர் முன் நீட்டாதீர்கள். ஆட்டக்காரர் ஒருவர் எதிர்பாராமல் ஒரு மீன்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பெயர் கேட்கும்போது, டன்ஜன் மாஸ்டர் அந்த நொடியில் ஒரு பெயரைக் கற்பித்துச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தாக வேண்டும். அந்தப் பெயர் தொலையாமல் நிற்பதுதான் அவருக்குத் தேவை.

கேள்வி: நாங்கள் பயன்படுத்தும் கருவியில் ஒவ்வொரு பக்கத்திற்கும் ‘மறை’, ‘காட்டு’ என்ற பொத்தான் இருக்கிறது. ரகசியங்களைக் காக்க அது போதாதா?
– கல்லூரி மாணவி, சென்னை

பதில்: போதாது. ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். சத்திரம் நடத்தும் மூதாட்டி ஒருத்தி இருக்கிறாள். நன்றாகச் சமைப்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் மணிக்கட்டில் குத்தியுள்ள பச்சை, திருடர் கூட்டத்தின் அடையாளம் என்பது திருடனாக ஆடும் ஒருவருக்கு மட்டும் தெரியும். பழைய அரசருக்கு நஞ்சிட்டவள் அவள்தான் என்பது டன்ஜன் மாஸ்டர் மட்டுமே அறிந்தது. ஒரே பக்கத்தில் மூன்று அடுக்கு உண்மைகள் இருக்கும்போது, பக்கத்தை முழுதாக மறைத்தால் சமையல்காரியே காணாமல் போவாள். முழுதாகக் காட்டினால் கதையே போய்விடும். எனவே யார் பார்க்கலாம் என்ற அனுமதி பத்திக்குப் பத்தி இருக்க வேண்டும். புதிதாக எழுதப்படும் எதுவும் இயல்பாகவே மறைந்திருக்க வேண்டும். ஒரு பத்தி எந்த செஷனில், யாருக்கு வெளிப்படுத்தப்பட்டது என்பதையும் கருவியே குறித்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து எழும் “எங்களுக்கு நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே” என்ற வாக்குவாதத்திற்கு இடமிருக்காது.

இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது ரகசியம் கசியும் பக்கவழிகளை. மறைத்த பத்தியையும் சர்வர் அனுப்பிவிட்டு, பிரவுசரில் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் வைத்தால், பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும் படித்துவிடுவார். வடிகட்டும் வேலை சர்வரிலேயே முடிந்தாக வேண்டும். தேடல் பெட்டியில் ‘நஞ்சு’ என்று தட்டியதும் சத்திரக்கார மூதாட்டியின் பெயர் பரிந்துரையாக வந்து நின்றால், உள்ளே எதைப் பூட்டியும் பயனில்லை. “இந்தப் பக்கத்தோடு 4 பக்கங்கள் இணைந்துள்ளன” என்று எண்ணிக்கை காட்டிவிட்டு மூன்றை மட்டும் பட்டியலிட்டால், மீதி ஒன்றைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். படக்கோப்பின் பெயர், ‘நேற்றுத் திருத்தப்பட்டது’ என்ற குறிப்பு, தானாகச் செல்லும் மின்னஞ்சல் அறிவிப்பு ஆகியவையும் இதே வகைதான்.

இவற்றையெல்லாம் டன்ஜன் மாஸ்டர் தாமே சரிபார்க்க, குறிப்பிட்ட ஆட்டக்காரரின் கண்ணுக்கு முழுக் கேம்பெயினும் எப்படித் தெரியும் என்று காட்டும் பொத்தான் ஒன்று அவசியம். இந்த ஒரு வசதிக்காக மற்ற ஐந்தைத் தள்ளிப்போட நேர்ந்தாலும் நான் தள்ளிப்போடச் சொல்வேன்.

கேள்வி: கற்பனை உலகத்திற்கு நாட்காட்டி தேவைதானா? வெறும் அலங்காரமாகத் தோன்றுகிறது.
– வாசகர், மதுரை

பதில்: கைகாக்ஸ் அப்படி நினைக்கவில்லை. நேரக் கணக்கைக் கண்டிப்பாக வைக்காவிட்டால் பொருளுள்ள கேம்பெயின் நடத்த முடியாது என்று, 1979இல் வெளிவந்த டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டி நூலில் முழுக்கப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டார். காரணம் எளிது. ஆட்டக்காரர்கள் மலையைச் சுற்றிப் போக எட்டு நாள் எடுத்துக்கொண்டால், அந்த எட்டு நாளும் எதிரிப் படைக்கும் கிடைத்த எட்டு நாள்தான். நாளை ஒன்று நகர்த்தியதும் அன்றைக்கு உரிய நிகழ்வுகளைத் தானே எடுத்துக் காட்டும் நாட்காட்டிதான் உலகம் ஆட்டக்காரர்களுக்காகக் காத்திருக்கவில்லை என்பதை உணர்த்தும்.

நிரல் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிரல்மொழியில் உள்ள வழக்கமான தேதி வகை இங்கே உதவாது. இந்த ஆட்டத்துக்கென்றே எழுதப்பட்ட கற்பனை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் ஹார்ப்டாஸ் நாட்காட்டியில் 30 நாள் கொண்ட 12 மாதங்கள். ஒவ்வொரு மாதத்திலும் பத்து நாள் கொண்ட மூன்று வாரங்கள். இவற்றுக்கு வெளியே, எந்த மாதத்தையும் சேராத 5 திருநாள்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இன்னொன்று கூடும். எபரான் என்ற இன்னொரு உலகத்திலோ 28 நாள் மாதங்கள் 12, ஆக ஆண்டுக்கு 336 நாள். எனவே உள்ளே ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய முழு எண்ணாக மட்டும் நாளைச் சேமியுங்கள். மாதமும் வாரமும் பயனர் நிரப்பும் அட்டவணையிலிருந்து கணக்கிட்டுக் காட்டப்படட்டும். நிலாவின் வளர்பிறை தேய்பிறை பிறகு வரலாம்.

கேள்வி: அரக்கர்கள், மந்திரங்கள் ஆகியவற்றின் விவரங்களைக் கருவியிலேயே சேர்த்துத் தரலாமா? சட்டச் சிக்கல் வருமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: அச்சு நூலைப் பார்த்துத் தட்டச்சு செய்து சேர்க்காதீர்கள். எஸ்.ஆர்.டி. 5.1 என்ற விதித் தொகுப்பை, இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் பி.ஒய். 4.0 என்ற பொது உரிமத்தில் விடுவித்தது. 2024 விதிகளுக்கான 5.2 தொகுப்பும் அடுத்த ஆண்டில் அதே உரிமத்தில் வந்தது. அதில் உள்ளதை, அவர்கள் கேட்டிருக்கும் ஒப்புகை வாசகத்தோடு, வணிகக் கருவியிலும் பயன்படுத்தலாம். ஆனால் தொகுப்பு முழு நூல் அன்று. 5.1இல் ஒவ்வொரு கிளாஸுக்கும் (மந்திரவாதி, திருடன் போன்ற பாத்திர வகை) ஒரே ஒரு சப்கிளாஸ்தான் (அதன் உட்பிரிவு). ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) ஒன்று, பேக்கிரவுண்ட் (பாத்திரத்தின் முன்வாழ்க்கை) ஒன்று. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற புகழ்பெற்ற அரக்கர்களின் விவரம் கிடையாது. விடுபட்டதை ஆட்டக்காரர்கள் தங்கள் நூலைப் பார்த்துத் தங்கள் கேம்பெயினுக்குள் மட்டும் சேர்த்துக்கொள்ள இடம் விடுங்கள்.

கேள்வி: நாங்கள் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுகிறோம். ‘கருங்காடு’ என்ற பக்கம் இருந்தும், ‘கருங்காட்டில்’ என்று எழுதினால் இணைப்பு விழுவதில்லை. என்ன வழி?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: எழுத்தை எழுத்தோடு அப்படியே ஒப்பிடும் முறையின் விளைவு இது. இணைப்பைப் பக்கத்தின் உள் எண்ணோடு கட்டிவிட்டு, திரையில் தெரியும் சொல்லை எழுதுபவர் விருப்பத்திற்கு விட்டால், கருங்காட்டில், கருங்காட்டை, கருங்காட்டுக்கு எல்லாம் ஒரே பக்கத்தையே சுட்டும். ஒரு பக்கத்திற்குப் பல மாற்றுப் பெயர்கள் வைக்கும் வசதி இருந்தால், அவற்றில் ‘கருங்காட்’ என்ற அடிவடிவத்தையும் சேர்த்து, சொல்லின் தொடக்கம் பொருந்தினாலே தேடலில் வரும்படி செய்யலாம். இன்னொன்று: ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் சேமிக்க முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடலுக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. என்ற ஒரே சீர்வடிவத்திற்கு மாற்றிவிட்டால் ‘கொற்றவன்’ தவறாமல் கிடைப்பான்.

கேள்வி: பகடை உருட்டும் வசதியும் அரட்டையும் வேண்டாமா?
– வாசகர், திருச்சி

பதில்: பகடையை எளிய எழுத்துவடிவில் சேர்க்கலாம்; எண் சர்வரில் பிறந்து செஷன் பக்கத்திலேயே பதிவானால் போதும். அரட்டை வேண்டாம். எந்தக் குழுவுக்கும் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கும்.

கேள்வி: கருவியை நிறுத்த நேர்ந்தால் பயனர்களின் கேம்பெயின் என்னவாகும்?
– கோயம்புத்தூர் வாசகரின் இரண்டாம் கேள்வி

பதில்: இதை முதல் பதிப்பிலேயே முடிவு செய்வது உங்கள் கடமை. படிப்பதற்கு மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாகவும், இணைப்புகள், அனுமதிகள், நாள் எண்கள் ஆகியவை சிதையாமல் இருக்க, நிரல்கள் படிக்கும் தரவு வடிவமான ஜேசன் கோப்பாகவும், படங்களோடு சேர்த்து ஒரே ஜிப்பாகத் தரவிறக்கும் வசதி வேண்டும். ஜேசன் கோப்பில் டன்ஜன் மாஸ்டரின் ரகசியங்களும் இருக்கும் என்பதால் அது அவருக்கு மட்டும்; ஆட்டக்காரர் தரவிறக்கும்போது அவர் பார்க்கக்கூடியது மட்டும் போக வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன், சோதனைக் கேம்பெயின் ஒன்றைத் தரவிறக்கி, சர்வரில் அழித்துவிட்டு, அந்தக் கோப்பிலிருந்தே மீண்டும் ஏற்றி, திருடனாக ஆடாத ஓர் ஆட்டக்காரராக நுழைந்து சத்திரக்கார மூதாட்டியின் பக்கத்தில் சமையல் மட்டும்தான் தெரிகிறதா என்று பாருங்கள்.