மொடல் காரின் வர்ணம் சுருங்கிவிட்டதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய 1/24 அளவுப் பிளாஸ்ரிக் வோக்ஸ்வாகன் பீற்றில் காரைப் பொருத்தி, கேற்றுக்குப் பூசி மிஞ்சிய எனமல் பெயின்றைத் தூரிகையால் பூசினேன். தூரிகைக் கோடுகள் தெரிந்ததால், இரண்டு நாள் கழித்து, கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு மாலையில், வாகனங்களுக்கு அடிக்கும் ஸ்பிரே பெயின்றை அதன்மேல் அடித்தேன். பொனற் முழுவதும் சுருங்கிவிட்டது. கூரையில் வெண்மை படர்ந்து மங்கிவிட்டது. தின்னரில் ஊறவைத்தால் சரியாகுமா? – வாசகர், கிளிநொச்சி

பதில்: தயவுசெய்து தின்னரில் ஊறவைக்க வேண்டாம். உங்கள் காரின் உடல் பொலிஸ்ரைரீன் என்ற பிளாஸ்ரிக்கால் ஆனது. ஹாட்வெயார் கடையில் விற்கும் தின்னர், அசற்றோன், பெற்றோல் ஆகிய மூன்றும் அதை இளகச் செய்யும். வர்ணம் கழன்று வரும்போது கதவுக் கோடுகளும் கைபிடிகளும் அதனுடன் சேர்ந்தே கரைந்துபோகும்.

நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். எனமல் பெயின்ற் தன் கரைப்பான் ஆவியாவதால் மட்டும் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. இரண்டு நாளில் மேற்பரப்பு காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே மென்மையாகவே இருந்திருக்கும். அதன்மேல் விழுந்த ஸ்பிரேயின் கடுமையான கரைப்பான் அந்த மென்படையை ஊதச் செய்ததால்தான் பொனற் சுருங்கியது. கூரையின் வெண்மை அப்படிப்பட்டதல்ல. கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்று அதில் பனியாகப் படிந்து வர்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. வெண்மை மட்டும் இருந்திருந்தால், உலர்ந்த நாளொன்றில் மிக மெல்லிய ஒரு பூச்சு அடித்தே பல வேளைகளில் அதைப் போக்கிவிடலாம். சுருக்கத்துக்கு அப்படி வழியில்லை. முழு வர்ணத்தையும் நீக்கத்தான் வேண்டும்.

சுருங்கிய இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு மேலே இன்னொரு பூச்சு அடிக்கலாமே என்று பலர் நினைப்பதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. உள்ளிருக்கும் எனமல் இன்னும் இறுகாததால் அடுத்த பூச்சும் சுருங்கும். அத்துடன், 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள வர்ணம் 1/24 அளவில் உண்மைக் கார் ஒன்றின்மீது 2.4 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சமமாகும். படைமேல் படை ஏறினால் கதவு இடைவெளிகள் அடைபட்டு, கார் மெழுகில் செய்ததுபோலத் தோன்றும்.

வர்ணத்தை நீக்க, மென்மையான திரவத்திலிருந்து தொடங்குங்கள். 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் அற்ககோல் அக்ரிலிக் வர்ணங்களை நன்றாக இளக்கும். சில ஸ்பிரே வர்ணங்களும் அதற்கு இளகும். 70 வீதமானது மெதுவாகவே வேலை செய்யும். அடியிலுள்ள எனமல் அதற்கு அசையாவிட்டால், வாகனங்களுக்கு ஊற்றும் பிறேக் ஒயிலைப் பாவிக்கலாம். போத்தலில் டொட் 3 அல்லது டொட் 4 என்று இருக்க வேண்டும். டொட் 5 சிலிக்கோன் வகையென்பதால் வர்ணத்தை நீக்காது, அதன் மிச்சம் அடுத்த பூச்சையும் ஒட்டவிடாது. எந்தத் திரவமானாலும், பாகங்கள் பொருத்தப்பட்டு வந்த பிளாஸ்ரிக் சட்டத்தின் துண்டொன்றில் முதலில் பரிசோதியுங்கள். அது காரின் உடலுடன் ஒரே பிளாஸ்ரிக் என்பதால், அதைவிட நம்பகமான பரிசோதனை வேறில்லை.

கண்ணாடிப் பாகங்களையும் குரோம் பம்பர்களையும் ரயர்களையும் முதலில் கழற்றிவிடுங்கள். தெளிந்த பிளாஸ்ரிக் இந்தத் திரவங்களில் நுண்வெடிப்பு அடையக்கூடும். குரோம் என்பது மிக மெல்லிய உலோகப் படை மட்டுமே, எளிதில் கழன்றுவிடும். பசையிட்டு ஒட்டியிருந்து கழற்ற முடியாவிட்டால், காரை ஊறவைக்காமல், தூரிகையால் உடலில் மட்டும் திரவத்தைத் தடவித் தடவித் துடைத்தெடுங்கள். கழற்ற முடிந்தால், மூடியுள்ள ஐஸ்கிறீம் பெட்டியில் உடலை அமிழ்த்தி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, வர்ணம் இளகியதும் பழைய பற்தூரிகையால் மெதுவாகத் தேய்த்துச் சவர்க்கார நீரில் பலமுறை கழுவுங்கள்.

பிறேக் ஒயில் நஞ்சு. கையுறை அணியுங்கள், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மோட்டார் சைக்கிளின்மேல் சிந்தினால் அதன் வர்ணத்தையும் உரித்துவிடும். அற்ககோலை அடுப்புக்கு அருகே திறக்கக் கூடாது. பாவித்த திரவத்தை வளவில் ஊற்றாதீர்கள்: வன்னியில் நாம் குடிப்பது பெரும்பாலும் அதே வளவுக் கிணற்று நீரைத்தான். கழிவு ஒயில் சேர்க்கும் கராச் ஒன்றிடம் கொடுத்துவிடுவதே முறை.

வர்ணம் போனபின் பிளாஸ்ரிக்கில் அரிப்புத் தடம் தெரிந்தால் 600, பின்னர் 1000 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சமப்படுத்தி, மங்கிய கதவுக் கோடுகளை ஊசி நுனியால் மெல்லக் கீறித் தெளிவாக்குங்கள். பிறகு வர்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிறைமரைச் சாம்பல் நிறத்தில் அடித்தால் எஞ்சிய குறைகள் எல்லாம் வெளியே தெரியும்.

மறுபூச்சுக்கு நீங்கள் தெரிவு செய்ய வேண்டியது ஏற்ற காலத்தைத்தான். வடகீழ்ப் பருவமழை முடியும்வரை பொறுங்கள். வைகாசிக்குப் பின் சோளகம் செம்மண் தூசியைக் கிளப்பும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனி மாதங்களே எங்கள் பகுதியில் சிறந்தவை. அதிலும் பனி உலர்ந்த பின், உச்சி வெயிலுக்கு முன். சீமெந்துத் தரையில் சற்று முன்பே தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டால் தூசி அடங்கும். ஸ்பிரே ரின்னை இளஞ்சூடான நீரில் சிறிது நேரம் வைத்தால் துளிகள் நுண்மையாக விழும். கொதிநீரில் வைத்தால் வெடிக்கும். 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து, காருக்கு வெளியே தொடங்கி மறுபக்கம் வெளியே முடியும்படி கையை வீசுங்கள். முதற் பூச்சு நிறம் மூடாத அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். மொடல்களுக்கென்றே விற்கும் வர்ணம் கிடைக்குமானால் அதுவே பாதுகாப்பு. வாகன ஸ்பிரேதான் உண்டென்றால் பிறைமரின்மேல் மெல்லிய படைகளாக அடியுங்கள். ஆனால் அதன் அடியில் எனமலைப் பூசாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் சிறுவயது மச்பொக்ஸ் உலோகக் காரின்மேல் யாரோ வீட்டுப் பெயின்ற் பூசியிருக்கிறார்கள். கோஸ்டிக் சோடாவில் போடலாமா? – வாசகி, முல்லைத்தீவு

பதில்: வேண்டாம். அந்தக் கார்கள் நாகக் கலப்புலோகத்தில் வார்க்கப்பட்டவை. கோஸ்டிக் சோடா நாகத்தை அரித்து, தீப்பற்றும் ஐதரசன் வாயுவையும் வெளிவிடும். அடித்தட்டில் லெஸ்னி என்ற பெயர் இருந்தால், 1953 இல் மச்பொக்ஸ் வரிசையைத் தொடங்கிய நிறுவனத்தின் பழைய தயாரிப்பு அது. அடியில் தொழிற்சாலை வர்ணம் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், மறைவான மூலையொன்றில் பஞ்சில் தொட்ட அற்ககோலால் மேற்படையை மட்டும் இளக்கிப் பாருங்கள். அதிகம் உரிந்திருந்தாலும் பழைய வர்ணத்தை அப்படியே விட்டுவிடுவதையே நான் விரும்புவேன்.

கேள்வி: கடைசிப் பூச்சு காயுமுன் நுளம்பு ஒன்று கூரையில் ஒட்டிவிட்டது. எல்லாவற்றையும் நீக்க வேண்டுமா? – வாசகர், வவுனியா

பதில்: தேவையில்லை. ஈரமாக இருக்கும்போது தொடாமல், நன்றாக இறுகியபின் 2000 எண் வாட்டர் பேப்பரால் அந்த இடத்தை மட்டும் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வாகனங்களுக்குப் பாவிக்கும் பொலிஷினால் மினுக்குங்கள். மெற்றாலிக் வர்ணமானால் நேரடியாகத் தேய்க்கக் கூடாது. அதன் உலோகத் துகள்கள் அறுபட்டுத் திட்டாகத் தெரியும். பூச்சியின் மிச்சத்தை நுண்ணிய கவ்வியால் எடுத்துவிட்டு, தெளிந்த வார்னிஷ் பூச்சு அடித்து, அது இறுகியபின் அந்தத் தெளிந்த படையை மட்டும் தேய்த்து மினுக்குங்கள்.