ஒரு வானொலி நிலையத்தை ஒழிப்பதற்காக ராணுவம் படையெடுத்த வரலாறு எங்காவது உண்டா?

உண்டு. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் அது நடந்தது. முப்பது ஆண்டுகளாகச் சிற்றலை வானொலி கேட்டுவரும் எனக்கு மனத்தை விட்டு அகலாத நிலையம், நான் ஒருநாளும் கேட்க வாய்க்காத ரேடியோ வென்செரேமோஸ். 'வெல்வோம்' என்பது அந்தப் பெயரின் பொருள்.

அந்நாட்டுக் கிராமங்களில் எழுத்தறியாதவர்கள் ஏராளமாக இருந்த காலத்தில், பேட்டரியில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டர்தான் அவர்களுக்குச் செய்தித்தாள். பேராயர் ஆஸ்கர் ரொமேரோ தம் ஞாயிறு மறையுரையில் அந்த வாரம் கொல்லப்பட்டவர்களையும் காணாமற்போனவர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார்; மறைமாவட்டத்தின் ஒய்எஸ்ஏஎக்ஸ் நிலையம் அதை ஒலிபரப்பியது. வேறெந்த ஊடகமும் சொல்லத் துணியாத பெயர்கள் அவை. 1980 பிப்ரவரியில் அந்நிலையம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. மார்ச் 23 அன்று, அடக்குமுறையை நிறுத்துங்கள் என்று படைவீரர்களுக்குக் கடவுளின் பெயரால் ஆணையிட்ட ரொமேரோ, மறுநாள் மாலை திருப்பலி நிறைவேற்றும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்.

1981 ஜனவரி 10 அன்று, நாட்டின் வடகிழக்கிலுள்ள மொராசான் மலைகளிலிருந்து, அரசை எதிர்த்து உள்நாட்டுப் போர் நடத்திய கெரில்லாக்களின் ரேடியோ வென்செரேமோஸ் சிற்றலையில் ஒலிக்கத் தொடங்கியது. அதன் முதன்மைக் குரல், 'சாந்தியாகோ' என்ற புனைபெயரில் பேசிய வெனிசுவேலாக்காரர் கார்லோஸ் என்ரிக்கெஸ் கொன்சால்வி. அலை வரும் திசையைக் கணித்து ராணுவம் தேடும் என்பதால், பேசுகிற இடத்தையும் டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்தையும் பிரித்து வைத்தார்கள். இடையில் கம்பி இழுக்க வசதியில்லாத அந்த மலைக்காட்டில், வயல்களுக்குப் போட்டிருந்த முள்வேலிக் கம்பியையே தொலைபேசிக் கம்பியாக்கிக் குரலை அனுப்பினார்கள். வானொலிக் கருவிகளைக் கழற்றிப் பூட்டிப் பழகிய எனக்கு, துருப்பிடித்த வேலியில் ஒரு மனிதக் குரல் ஓடியதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. அது போரில் ஒரு தரப்பின் குரல், அதில் பிரச்சாரமும் மிகையும் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. தலைநகரின் முக்கியத் தொலைக்காட்சி அலைவரிசைகள் 2, 4, 6 ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த நாட்டில், மலையிலிருந்து வந்த அந்தக் குரலின் தேவையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1981 டிசம்பரில் ராணுவத்தின் அட்லாகாட்டல் படைப்பிரிவு மொராசானுக்குள் நுழைந்தபோது, இந்த நிலையத்தை அழிப்பது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. ஒலிபரப்புக் குழு தப்பியது. டிரான்ஸ்மிட்டர் ராணுவத்திடம் சிக்கியது. அதே நடவடிக்கையில் எல் மொசோட்டே என்னும் சிற்றூரிலும் சுற்றுப்புறங்களிலும் எண்ணூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் மாற்றுக் கருவியுடன் மீண்டும் ஒலிக்கத் தொடங்கிய நிலையம் படுகொலைச் செய்தியை அறிவித்தது. கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, மரங்களுக்கிடையே ஒளிந்து உயிர்தப்பிய ரூஃபினா அமாயா தம் கண்ணால் கண்டதை அதில் சொன்னார். சால்வடோர் அரசும் அதற்குத் துணைநின்ற அமெரிக்க அரசும் அதைக் கெரில்லாப் பிரச்சாரம் என்று ஒதுக்கின.

அப்படைப்பிரிவின் தளபதி தொமிங்கோ மொன்தெர்ரோசாவின் முடிவும் வானொலிக் கருவியால்தான் வந்தது. அந்த நிலையத்தைக் கைப்பற்றுவதில் அவர் கொண்டிருந்த வேட்கையை அறிந்த கெரில்லாக்கள், வெடிமருந்து பொதித்த ஒரு டிரான்ஸ்மிட்டரை அவர் ஆட்களின் கையில் கிடைக்கும்படி விட்டுச் சென்றார்கள். 1984 அக்டோபர் 23 அன்று, வெற்றிச் சின்னமாக அதை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு ஹொவாத்தேக்கா என்ற ஊரிலிருந்து கிளம்பியவர், அது வானிலேயே வெடித்ததில் இறந்தார்.

1992 ஜனவரியில் அரசுக்கும் கெரில்லாக்களுக்கும் இடையே சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அவ்வாண்டு அக்டோபரில் அர்ஜென்டினத் தடயவியல் குழுவினர் எல் மொசோட்டே தேவாலயத்தை ஒட்டிய சிறு கட்டடத்தின் இடிபாடுகளைத் தோண்டினார்கள். அங்கே கிடைத்தவை 143 பேரின் எலும்புகள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள். பிரச்சாரம் என்று தள்ளப்பட்ட ரூஃபினாவின் வாக்குமூலம் வானொலியில் ஒலித்து ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.