முதல் வகுப்பு ஆசிரியை உங்கள் வீட்டில்தான் இருக்கிறார்

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் என்னைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். நான்காம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பலருக்குப் பொருள் புரிந்து வாசிக்கத் தெரியவில்லை. பெரும்பாலோர் வெல்பெடாக்ட், உம்லாசிப் பக்கமிருந்து வரும் ஜூலு பிள்ளைகள். வீட்டில் ஆங்கிலம் கிடையாது. பெற்றோர் கூட்டத்துக்கும் வருவதில்லை. அடுத்த ஆண்டுக்கான வாசிப்பு மேம்பாட்டுத் திட்டத்தை நான்தான் எழுதினேன்: 30 டேப்லட், நூலக அறைக்குப் புதுத் தரை, மாதம் ஒரு வாசிப்பு நாள், ஏழாம் வகுப்புக்கு மாலை நேரப் பாடம். அதே பள்ளியில் பதினொரு ஆண்டுகள் முதல் வகுப்பு எடுத்த என் மருமகள் இதெல்லாம் போதாது என்கிறாள். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபின் அவளை வேலையை விடச் சொல்லிவிட்டோம். இப்போது அந்த வகுப்பில் படிப்பை முடித்து நேராக வந்த ஒரு பெண் இருக்கிறாள். நன்கொடைக்கு நிறுவனங்களை எப்படி அணுகுவது? பெற்றோரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: ஐயா, நன்கொடைக் கடிதம் எழுத வங்கியில் இருந்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டேப்லட்டையும் தரையையும் அப்புறம் பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியின் கீழ் மட்டும் கோடு போட்டிருக்கிறேன்: "வேலையை விடச் சொல்லிவிட்டோம்."

சொன்னது யார்? நீங்களா, மகனா, உறவெல்லாம் கூடி உட்கார்ந்தா? மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. வகுப்புக்கு நாற்பது பேர் என்றே வைத்துக்கொள்வோம். பதினொரு ஆண்டுகளில் நானூறு பிள்ளைகளுக்கு மேல் முதல் எழுத்தைக் காட்டிக்கொடுத்தவர். அவரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, அதே பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லையே என்று திட்டம் எழுதுகிறீர்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

திட்டம் போதாது என்று அவர் சொன்னார் என்கிறீர்கள். எது போதாது என்றார்? அதை எழுதவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

முதல் வகுப்பு எடுத்தவருக்கு என்ன தெரியும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜூலு மொழியையும் ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். ஆனால் சி, க்யூ, எக்ஸ் மூன்றும் அங்கே நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள். உயிரெழுத்து ஐந்தும் எந்தச் சொல்லில் வந்தாலும் ஒலி பெரிதாக மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'ஏ' என்ற ஒரே எழுத்து பூனைக்கு ஒரு விதம், கேக்குக்கு ஒரு விதம், காருக்கு ஒரு விதம். ஆறு வயதுப் பிள்ளை இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவில் தடுமாறும்போது, அது மந்தமில்லை, எங்கே சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிற பிள்ளை, பக்கத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளை, உண்மையாகவே எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை, மூன்றும் கேட்பவர் காதுக்கு ஒன்றாகத்தான் இருக்கும். பிரித்தறிய வருடக்கணக்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கல்லூரியிலிருந்து நேராக வந்த பெண்ணுக்கு அது எப்படி வரும்? அவளைக் குறை சொல்லவில்லை. அவளைத் தனியாக விட்டவர்களைச் சொல்கிறேன்.

நான்காம் வகுப்பில் தெரிகிற குறை முதல் வகுப்பில் தொடங்கியது. உங்கள் பள்ளிக்கு மட்டும் வந்த குறையும் இல்லை. 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், தென்னாப்பிரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்கும் நிலையை எட்டவில்லை. 2016இல் அது 78. இடையில் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது, 78 அதற்கு முந்தைய கணக்கு. இப்படி இருக்கும்போது உங்கள் திட்டத்தில் பிள்ளைகளுக்கென்று மாலைப் பாடம் கிடைப்பது ஏழாம் வகுப்புக்கு மட்டும். ஏழாம் வகுப்பு முடிவுகளில்தான் பள்ளிக்குப் பெயர் கிடைக்கிறது என்பதாலா? முதல் வகுப்பு என்ற சொல் உங்கள் திட்டத்தில் எங்கே இருக்கிறது?

எது பலன் தரும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சோதனை நடந்திருக்கிறது. வடமேற்கு மாகாணத்தில் 2015இல் தொடங்கி, 230 பள்ளிகளில், முதல் வகுப்பிலிருந்து. சில பள்ளிகளில் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி தந்தார்கள். சில பள்ளிகளில் அனுபவமுள்ள ஒருவர் வகுப்புக்கே போய், ஆசிரியரோடு இருந்து, பாடம் எடுப்பதைப் பார்த்துத் திருத்தினார். வேறு சில பள்ளிகளில் வாராவாரம் பெற்றோரைக் கூட்டிப் பேசினார்கள். வகுப்புக்குள் போய் உட்கார்ந்த முறையே முந்தியது. இரண்டு ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பில் 40 விழுக்காடு அளவுக்கு முன்னே இருந்தார்கள். பெற்றோர் கூட்டங்களால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் யாரைக் குறை சொல்கிறீர்களோ அவர்களை வழிக்குக் கொண்டுவரப் படும் பாடெல்லாம் தப்பான இடத்தில் போகிறது. வகுப்புக்குள் அனுப்ப வேண்டிய ஆள் உங்கள் சமையலறையில் நிற்கிறார்.

வீட்டில் ஆங்கிலம் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் விடப் போவதில்லை. 1860இல் நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதலில் ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்கள் வீட்டில் என்ன பேசினார்கள்? தமிழும் தெலுங்கும். கரும்புத் தோட்டத்து வெள்ளைக்கார முதலாளிக்கும் நமக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்ததா? நம் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் கூலியிலிருந்து பணம் சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். டர்பன் சாஸ்திரி கல்லூரியும் நம் சமூகம் சேர்த்த நன்கொடையில் எழுந்ததுதான். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுவாரிப் பகுதிச் சட்டத்தால் துரத்தப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது இடமில்லாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று படித்த தலைமுறை நீங்களாகவும் இருக்கலாம். பள்ளிக்கு இரண்டு மினிபஸ் டாக்சி மாறி வரும் பெற்றோர், கூட்டத்துக்கு வரவில்லை என்று அவர்கள் மேல் குறை எழுதுவது நமக்கு அடுக்காது.

இனி வீட்டு விஷயம். படுக்கையில் விழுந்த பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அந்தக் கடமை முதலில் தாலி கட்டியவருக்கு, பிறகு பெற்ற பிள்ளைக்கு, அதற்கப்புறம்தான் வந்த மருமகளுக்கு. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர் நீங்கள். காலை ஏழரையிலிருந்து மதியம் இரண்டு வரை மனைவிக்குக் கஞ்சி ஊட்டுவது, மருந்து கொடுப்பது, கையைக் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யவைப்பது இவற்றில் உங்களால் முடியாதது எது? ஒரு பெண்ணின் துணை வேண்டிய வேலைகளுக்குக் காலையில் இரண்டு மணி நேரத்துக்குச் சம்பள ஆள் வைக்கலாம். மகன் மாலையில் பார்க்கட்டும். உங்கள் மனைவிக்கும் நாற்பது வருடம் கூட வாழ்ந்தவர் கையால் சாப்பிடுவதில் ஒரு ஆறுதல் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலை: அவரை உட்காரவைத்துக் கேளுங்கள். வேலையை விட்டது அவர் விருப்பமா? திரும்பப் போக மனம் இருக்கிறதா? முழு நேரமா, வாரத்தில் நான்கு காலையா? போக விருப்பமில்லை என்று சொன்னால் அத்தோடு விடுங்கள். பள்ளிக்காக அவரை வற்புறுத்துவதும் முன்பு செய்த அதே தவறுதான். போகிறேன் என்றால், ஆசிரியர்கள் பதிந்திருக்க வேண்டிய கல்வியாளர் மன்றத்தில் அவருடைய பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளியின் சொந்தப் பணத்திலிருந்து ஆசிரியரை நியமிக்க 1996 பள்ளிச் சட்டம் நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் தருகிறது. 30 டேப்லட்டுக்கு ஒதுக்க நினைத்த பணத்தை அந்த இடத்துக்கு மாற்றக் கேளுங்கள். ஆனால் நியமனப் பேச்சு வரும்போது நீங்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது. சொந்த நலன் கலந்த விஷயம் பேசப்படும்போது உறுப்பினர் வெளியேற வேண்டும் என்று அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. மற்றவர்கள் முறைப்படி விண்ணப்பம் வாங்கி முடிவு செய்யட்டும். அவரைவிடத் தகுதியான இன்னொருவர் வந்தால் அவருக்கே கிடைக்கட்டும். புதுப் பெண்ணுக்கு வகுப்பில் ஒரு துணை அமைய வேண்டும், அவ்வளவுதான். வரவு செலவுத் திட்டத்தைப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைக்க 30 நாள் முன்னறிவிப்பு தேவை. அந்த அறிவிப்பு ஜூலு மொழியிலும் போகட்டும். கூட்டத்தை டாக்சி கிடைக்கிற நேரத்தில், சனிக்கிழமை காலையில் வையுங்கள்.

நூலகத்தின் பழைய தரை இன்னும் ஒரு வருடம் தாங்கும்.

வாசிப்பு நாளுக்குப் பதில் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வேலை செய்யுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, புதிதாக ஒரு ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகப் படிக்கும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு முடிவில் 50 சொல் என்று கல்வித் துறை அளவு வைத்திருக்கிறது. முதல் வகுப்பில் எழுத்தொலிகளை அதேபோல் எண்ணலாம். ஜூலு வழியில் படிப்பவர்களுக்கு ஆண்டு முடிவில் நிமிடத்துக்கு 40 எழுத்தொலி என்பது அளவு. ஒரு தாள், ஒரு கடிகாரம், ஒரு பென்சில் போதும். கணக்கு உங்களுக்குக் கைவந்த கலை. பெயர் வாரியாக எழுதிவையுங்கள், பிள்ளைகளின் காதுபட மட்டும் படித்துவிடாதீர்கள்.

மறுபடி எழுதுவதாக இருந்தால் மருமகளை எழுதச் சொல்லுங்கள். புதிதாக வந்த ஆசிரியைக்கு முதல் மூன்று மாதத்தில் என்ன சொல்லித்தர வேண்டும் என்று அவரிடம் எனக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.